பன்னீர் திராட்சை வழியாகப் பிரெஞ்சு ஒயின்

கிண்டி தொழிற்பேட்டையில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி, அறிவுசார் சொத்துரிமை அலுவலகக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. மொத்த இந்தியாவுக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான். பெசன்ட் நகரிலிருந்து, டிராஃபிக் மனசு வைத்தால், அரை மணி நேரம். காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம் எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. பிரான்சின் ஷாம்பெய்னும் கோன்யாக்கும் அதே பதிவேட்டில் இருக்கின்றன. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சையும் சேர்ந்தது.

பிரெஞ்சு ஒயினை ரசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிற ஒரு சென்னைக்காரருக்கு இந்தப் பட்டியலைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்று நினைக்கிறேன். ஒயின் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிமுகங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய நாக்குக்காக எழுதப்பட்டவை. பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி, ஈரமான சுண்ணாம்புக்கல் என்று போகும். பிளாக்கரன்ட்டை நம்மில் எத்தனை பேர் கடித்திருக்கிறோம்? அதனால் இந்தக் கட்டுரையில் நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். இரண்டே விஷயங்கள்: பிரெஞ்சு லேபிளை எப்படிப் படிப்பது, வாயில் நடப்பதை நம் சொற்களில் எப்படிச் சொல்வது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒயின் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்காதவர்களும் இதில் பாதிக்கு மேல் மூக்கையும் டீயையும் வைத்தே செய்து பார்க்கலாம்.

லேபிளில் திராட்சை பெயர் எங்கே?

ஆஸ்திரேலியா அல்லது நாசிக் ஒயின் பாட்டிலை எடுத்தால் ஷிராஸ், கப்பர்னே சொவிஞோன் என்று திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். பிரெஞ்சு பாட்டிலில் பெரும்பாலும் அது இருக்காது. ஷாப்லி, சான்செர், போமார், பொய்யாக் என்று ஏதோ எழுதியிருக்கும். இதெல்லாம் ஊர்ப் பெயர்கள். புதிதாக வருபவர் மிரள்வது இங்கேதான்.

நாமும் இப்படித்தான் பேசுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். "மதுரை மல்லி கொடுங்க" என்று கேட்கிறோம், தாவரவியல் பெயர் சொல்வதில்லை. ஊர்ப் பெயருக்குள்ளேயே வகை, மண், வெயில், கட்டுகிற பழக்கம் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஊர், மண், தட்பவெப்பம், ஊராரின் பழக்கம் எல்லாம் சேர்ந்ததைப் பிரெஞ்சுக்காரர்கள் 'டெர்வார்' என்கிறார்கள். ஷாப்லி என்று சொன்னால் வெள்ளை ஒயின், ஷார்டொனே திராட்சை, பர்கண்டியின் வடக்குக் குளிர் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியும். நாம் அதை மனப்பாடம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்கத்துக்கு ஏழு இடங்கள் போதும்.

போர்தோ: கப்பர்னே சொவிஞோன், மெர்லோ கலந்த சிவப்பு. பர்கண்டி: சிவப்பென்றால் பினோ நுவார், வெள்ளையென்றால் ஷார்டொனே. போஜொலே: கமே என்ற இலகுவான சிவப்பு. ரோன் பள்ளத்தாக்கு: வடக்கே சிரா, தெற்கே கிரனாஷ் முதன்மையான கலவை. லுவார்: சான்செரில் சொவிஞோன் பிளாங், வூவ்ரேயில் ஷெனான் பிளாங். அல்சாஸ்: இங்கே மட்டும் விதிவிலக்காகத் திராட்சை பெயரையே லேபிளில் போடும் வழக்கம் உண்டு. ஷாம்பெய்ன்: நுரைக்கும் ஒயின்.

கோடு எழுதுபவர்களுக்கு அடுத்த படி சுலபம். லேபிளை ஒரு ஃபைல் பாத் மாதிரி படியுங்கள். பர்கண்டியில் 'பூர்கோன்' என்று மட்டும் இருந்தால் அந்தப் பெரிய பகுதியில் எங்கிருந்தும் வந்த திராட்சை. அடுத்த நிலையில் ஒரு கிராமத்தின் பெயர் வரும். அதற்கும் மேலே கிராமத்துக்குள் குறிப்பிட்ட தோட்டங்கள், 'ப்ரெமியே க்ரூ'. உச்சியில் 'க்ரான் க்ரூ': தோட்டத்தின் பெயர் மட்டும்தான், கிராமத்தின் பெயர்கூடத் தேவையில்லை. பாத் நீள நீள இடம் சுருங்கும், விலை ஏறும். போர்தோவில் கதை வேறு. 1855ல் அங்கே தரவரிசைப்படுத்தியது மாளிகைகளை, அதாவது உற்பத்தியாளர்களை. அந்தப் பட்டியலில் பின்னாளில் நடந்த ஒரே பதவி உயர்வு 1973ல் மூத்தோன் ரோத்சில்டுக்குக் கிடைத்தது.

ஊர்ப் பெயருக்காக ஒரு போராட்டம்

இந்த ஊர்ப் பெயர்களை ஏதோ பிரபுக்களின் பந்தா என்று நினைத்தால் தப்பு. இதற்குப் பின்னால் ஒரு விவசாயிகள் போராட்டம் இருக்கிறது.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற சிறு பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். பிரான்சில் இன்றைக்கும் பெரும்பாலான கொடிகள் அப்படி ஒட்டுப்போட்டவைதான். பூச்சி அழித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒயினுக்குப் பஞ்சம். உலர்திராட்சையை ஊறவைத்தும் சர்க்கரைத் தண்ணீர் கலந்தும் 'ஒயின்' செய்து விற்றார்கள். தோட்டங்கள் மீண்ட பிறகும் கலப்படம் நிற்கவில்லை. உண்மையான திராட்சை விளைவித்தவனுக்கு விலை இல்லாமல் போனது.

1907ல் தெற்கே லாங்குடோக் பகுதி வெடித்தது. மார்சலான் அல்பேர் என்ற சிறு விவசாயி தலைமையில் ஊர் ஊராகப் பேரணி. ஜூன் மாதம் மோன்பெலியே நகரில் பல லட்சம் பேர் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் மக்கள் இறந்தார்கள். அந்த மாதமே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1911ல் ஷாம்பெய்ன் பகுதியிலும் கலவரம். வெளியூர்த் திராட்சையை வாங்கி ஷாம்பெய்ன் என்று விற்ற வியாபாரிகளின் கிடங்குகளை விவசாயிகள் சூறையாடினார்கள். 1920களில் ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரில் பாரோன் லெ ருவா தலைமையில் விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள்: இந்த எல்லைக்குள், இந்தத் திராட்சைகள், குறைந்தது இவ்வளவு ஆல்கஹால். 1935ல் அதே யோசனை தேசியச் சட்டமானது. அதைத்தான் லேபிளில் 'அப்பெலாசியோன் கோந்த்ரோலே' என்று பார்க்கிறோம், சுருக்கமாக ஏஓசி.

இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல் நிறைவேறி 2003ல் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயர் அந்த ஊர்க்காரர்களின் சொத்து என்ற எண்ணத்தில் அதுவும் ஏஓசியும் ஒரே குடும்பம். ஏஓசி ஒரு படி மேலே போய், எப்படி விளைவிக்க வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்துகிறது.

சட்டம் மட்டும் போதாது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது. சர்க்கரைத் தண்ணீர் ஒயின் விற்றதற்கு ஒரு காரணம், வாங்கியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, அல்லது தெரிந்தாலும் பொருட்படுத்தவில்லை. ஊர்ப் பெயருக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் மறுமுனையில் அதை அடையாளம் காணும் ஒரு நாக்கு வேண்டும். ருசி பழகுவதை நான் பந்தாவாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

ஒரே திராட்சை, இரண்டு ஊர்

இப்போது தேனி மாவட்டத்துக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை உலகத் திராட்சைப் பட்டியல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்ற பெயரில் இருக்கிறது. மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, ஷியாவா கிரோசா என்ற இரண்டு வகைகளின் பிள்ளை என்று மரபணுச் சோதனை சொல்கிறது.

குறியீடு கிடைத்தபோது வந்த செய்திகளில், 1832ல் ஒரு பிரெஞ்சு பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான வகை. ஆக, பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு திராட்சையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வருடம் பிந்தியதாக இருக்க வேண்டும்.

பாதிரியாரைவிடச் சுவாரசியமான பிரெஞ்சுத் தொடர்பு ஒன்று உண்டு. தெற்கு பிரான்சில், வான்தூ மலையின் அடிவாரத்தில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கைச் சாப்பிடும் பழமாக வளர்க்கிறார்கள். 'மஸ்கட் து வான்தூ' என்ற பெயரில் 1997ல் அதற்கு ஏஓசி கிடைத்தது. அதாவது ஒரே திராட்சைக்குப் பிரான்சில் ஓர் ஊர்ப் பெயர் பாதுகாப்பு, தேனியில் ஓர் ஊர்ப் பெயர் பாதுகாப்பு.

திராட்சை ஒன்று என்றால் ஊர்ப் பெயருக்கு என்ன வேலை? வான்தூவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே இல்லை. கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும், வருடத்துக்கு இரண்டு, சில தோட்டங்களில் மூன்று அறுவடை. ஏதோ ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். ஒரே திராட்சையின் வாழ்க்கை இரண்டு இடங்களில் இவ்வளவு வேறு. டெர்வார் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

லேபிளில் ஏன் வருடம் போடுகிறார்கள் என்பதும் இங்கேயே புரிந்துவிடும். வருடத்துக்கு ஒரே அறுவடை என்றால், அந்த ஒரு கோடையின் வெயிலும் மழையும்தான் அந்த வருட ஒயின். ஏப்ரல் பனியில் துளிர் கருகினாலோ செப்டம்பரில் மழை கொட்டினாலோ அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம்தான்.

மூக்கு: பன்னீர் என்பதே ஒரு ருசிக் குறிப்பு

இந்தப் பழத்துக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நல்ல மூக்கு. மஸ்கட் வகைகளின் மணத்துக்குக் காரணம் டெர்பீன் என்ற வேதிப்பொருள் குடும்பம். அதில் முக்கியமானவை ஜெரானியால், லினலூல். ஜெரானியால் ரோஜா எண்ணெயில் இருக்கிறது. லினலூல் கொத்தமல்லி விதையின் முக்கிய மணம். ஆக, திராட்சையில் பன்னீர் வாசனை என்பது கற்பனை இல்லை, மூலக்கூறு ஒன்றேதான்.

ஒயின் ரசிகர்கள் "ரோஜா தெரிகிறது, மிளகு தெரிகிறது" என்று சொல்லும்போது சிரிப்பு வரும். ஆனால் பல நேரம் அது நேரடி உண்மை. ரோன் பள்ளத்தாக்கின் வடக்கில் விளையும் சிராவில் மிளகு வாசனை வரும். அதற்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற பொருளை 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் ரசத்தில் தட்டிப் போடும் மிளகில் இருப்பதும் அதுவே. சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவருக்கு மிளகு தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கப்பர்னே சொவிஞோனிலும் சொவிஞோன் பிளாங்கிலும் வரும் பச்சை வாசனை பைரசீன் வகைப் பொருட்களால் வருவது. குடைமிளகாயை நறுக்கும்போது வரும் அதே வாசனை.

பயிற்சி ரொம்ப எளிது. பழக்கடையில் பன்னீர் திராட்சையைச் சாப்பிடும் முன் தோலை நசுக்கி முகருங்கள். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். மிளகைத் தட்டி முகருங்கள். பெயரைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூக்குக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லத் தெரிவதில்லை என்பதுதான் பெரும்பாலும் பிரச்சினை.

நாக்கு: அறுசுவை இருக்கும்போது என்ன கவலை

சிவப்பு ஒயின் முதல்முறை குடிப்பவர் முகம் சுளிப்பது துவர்ப்பால். ஆங்கிலத்தில் அதை விளக்க ஒரு பத்தி எழுதுவார்கள். நமக்குத் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. வாழைப்பூ, கடுக்காய், பிஞ்சு மாவடு என்று பழகிய நாக்கு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழவழப்பை எடுத்துவிடுகிறது. வாய் காய்ந்த மாதிரி இருப்பது அதனால்தான்.

ஒயின் இல்லாமலே இதைப் படிக்கலாம். ஒரே டீத்தூளை ஒரு கோப்பையில் 3 நிமிடம், இன்னொன்றில் 10 நிமிடம் ஊறவையுங்கள். பால், சர்க்கரை வேண்டாம். முதல் கோப்பை போஜொலே பக்கம், இரண்டாவது இளம் போர்தோ பக்கம். இரண்டாவதில் கொஞ்சம் பால் ஊற்றினால் துவர்ப்பு குறைந்துவிடும், ஏனென்றால் டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பால் புரதம் கிடைத்துவிடுகிறது. துவர்க்கும் ஒயினோடு சீஸும் இறைச்சியும் ஏன் வைக்கிறார்கள் என்பதும் இதே கணக்கு.

அடுத்தது புளிப்பு. திராட்சையின் தனி அமிலம் டார்டாரிக். பழங்களில் இது இவ்வளவு அதிகமாக இருப்பது அரிது. அப்படி இருக்கும் இன்னொன்று நம் புளி! பழைய ஒயின் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிவதும் டார்டாரிக் உப்புதான், கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. திராட்சையில் மாலிக் என்ற பச்சை ஆப்பிளின் அமிலமும் உண்டு. சில ஒயின்களில் பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரின் அமிலமாக மாற்றிவிடும். கூடவே வெண்ணெய் வாசனையும் வரலாம். பர்கண்டியின் மெர்சோவில் அந்த வெண்ணெய் தெரியும். ஷாப்லியில் கூர்மையான புளிப்பு முன்னால் நிற்கும். இரண்டுமே ஷார்டொனேதான். புளிக்குழம்பின் புளிப்பும் மோர்க்குழம்பின் புளிப்பும் வேறு என்று தெரிந்தவருக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே பாதி முடிந்தது.

சென்னை வெயிலும் நக்கீரரும்

புறநானூறு 56ல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டுவந்த தேறலைக் குறிப்பிடுகிறார். அந்த மதுவுக்கு அவர் சொல்லும் குணங்கள் இரண்டு: குளிர்ச்சி, மணம். மத்தியதரைக் கடல் ஒயின் நம் கரைக்கு வந்ததற்கு அரிக்கமேட்டில் தடயமே இருக்கிறது. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பு இன்றைக்கும் செல்லும். குளிர்ச்சி சரியாக இல்லாவிட்டால் மணம் தெரியாது.

"சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும்" என்ற விதி, பழைய பிரெஞ்சு வீடுகளின் 16 முதல் 18 டிகிரி அறைக்கானது. மே மாதத்துச் சென்னை அறை 33 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை இன்னும் குளிராக, 8 முதல் 12 டிகிரிக்குள். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

வாங்கும்போதும் வெயிலை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் மட்டுமே. வெளிநாட்டு ஒயின் அதன் எலைட் கடைகளில் கிடைக்கும். ஒயினுக்குச் சுங்க வரி பல ஆண்டுகளாக 150 சதவீதம் என்பதால், பாரிஸில் சாதாரணமான பாட்டில் இங்கே சாதாரணமாக இருக்காது. அந்தக் காசு கொடுத்து, சூட்டில் வெந்த பாட்டிலை வாங்கினால் வீண். ஏசி ஓடும் கடையா, பாட்டில் ஜன்னல் வெயிலில் நிற்கிறதா, கார்க் வெளியே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்.

"எல்லாம் பந்தா" என்பவர்களுக்கு

இந்தச் சந்தேகம் நியாயமானது. 2001ல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களில் வர்ணித்தார்கள். 1976ல் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் ருசித்தபோது சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

இதிலிருந்து ருசியே பொய் என்று முடிவு கட்ட முடியாது. கண்ணும் லேபிளும் நாக்கை ஏமாற்றும் என்பதுதான் பாடம். அதனால் பழகும்போது பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிவிடுங்கள். எப்போதும் இரண்டை அருகருகே வையுங்கள். எங்கள் வேலையில் ஏ/பி டெஸ்ட் என்போம். ஒன்றைத் தனியாகக் குடித்தால் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் வார்த்தை வராது. இரண்டு இருந்தால் வித்தியாசம் தானாகவே பேசவைக்கும்.

மூன்று ஜோடிகள் சொல்கிறேன். கிடைக்கும்போது, நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கலாம். 750 மில்லி பாட்டில் ஆறு சிறிய கிளாஸ் வரும்.

ஒன்று, அல்சாஸ் மஸ்கட், பக்கத்தில் ஒரு கொத்து கம்பம் பன்னீர் திராட்சை. ஒயின் இனிக்காது, ஆனால் மணம் இரண்டிலும் சொந்தம் கொண்டாடும். இனிப்பு வேண்டுமென்றால், வான்தூவுக்குப் பக்கத்து ஊரான போம்-து-வெனீஸின் மஸ்கட்.

இரண்டு, போஜொலேயும் போர்தோவும். துவர்ப்பை மட்டும் கவனியுங்கள்.

மூன்று, சான்செரும் ஒரு வெள்ளை பர்கண்டியும். ஒன்றில் பச்சை வாசனை, மற்றதில் தயிர், வெண்ணெய்ப் பக்கம்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், மணம் தங்க இடம் வேண்டும். ஒருமுறை சும்மா முகருங்கள். சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். ஒரு மடக்கு வாயில் ஐந்து விநாடி வைத்திருங்கள். தோன்றியதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பன்னீர், மிளகு, புளி, துவர்ப்பு, கொத்தமல்லி விதை, மழை பெய்த மண். ஆங்கிலச் சொல் தேட வேண்டாம்.

பழக்கடையிலும் இதே பழக்கம் வரட்டும். பன்னீர் திராட்சை வாங்கும்போது எந்த ஊர் என்று கேளுங்கள். பதிவேட்டில் பெயர் ஏறியதால் மட்டும் கம்பத்து விவசாயிக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வந்துவிடாது. "கம்பமா? அப்ப ஒரு கிலோ போடுங்க" என்று சொல்லும் ஆட்கள் நாலு பேர் இருந்தால்தான் வரும்.